கிட்டாரும் கரித்துண்டும் – கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 19 வயது. நாலு வருடமாக நண்பர்களோடு சேர்ந்து ராக் கிட்டார் வாசிக்கிறான். எங்கள் கராஜில்தான் பயிற்சி. இப்போது ஓவியம் படிக்கப் போகிறேன் என்கிறான். அப்படியானால் கிட்டாரை விட்டுவிடு என்றால், இரண்டும் வேண்டுமாம். ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவில் கிட்டார் வாசிக்கும் ரானி வுட்டைக் காட்டுகிறான், அவர் படமும் வரைகிறாராம். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்" என்று அவன் அப்பாவுக்குக் கோபம். அந்த மனிதர் உண்மையிலேயே ஓவியரா, இல்லை பெயர் இருப்பதால் படம் விற்கிறதா? ஒன்றை விடச் சொல்லலாமா?

உங்கள் தங்கை

அன்புள்ள தங்கைக்கு,

விடச் சொல்லாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

உங்கள் மகன் சரியான ஆளைத்தான் காட்டுகிறான். ரானி வுட் கிட்டாரில் பேர் வாங்கிய பிறகு பொழுதுபோகப் படம் போட்டவர் இல்லை. அவருக்குப் படம்தான் முதலில். 1947இல் லண்டனுக்கு மேற்கே ஹில்லிங்டனில் பிறந்தார். கால்வாய்ப் படகுகளில் வாழ்ந்த வம்சம். அண்ணன்கள் ஆர்ட், டெட் இரண்டு பேரும் வரைவார்கள், வாசிக்கவும் செய்வார்கள். கடைக்குட்டிக்கு இரண்டும் வீட்டிலேயே கிடைத்துவிட்டன. சிறுவனாக இருந்தபோதே பிபிசியின் ஸ்கெட்ச் கிளப் நிகழ்ச்சியில் அவர் படத்துக்குப் பரிசு கிடைத்தது. பிறகு ஈலிங் கலைக் கல்லூரி. அதற்கப்புறம்தான் பேர்ட்ஸ், ஜெஃப் பெக்கின் குழு, 1969இல் ஃபேசஸ், 1975இல் ஸ்டோன்ஸ் என்று ராக் குழுக்கள் எல்லாம்.

அதே ஈலிங்கில் படித்தவர்கள்தான் தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்டும் குயீன் குழுவின் ஃபிரெடி மெர்க்குரியும். ஸ்டோன்ஸின் இன்னொரு கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் படித்தது சிட்கப் கலைக் கல்லூரியில். பீட்டில்ஸின் ஜான் லெனன் லிவர்பூலில். இத்தனை பேர் ஓவிய வகுப்பிலிருந்து வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. மார்க் வாங்காத, ஆனால் கை ஓடுகிற பையன்களுக்கு அந்தக் கல்லூரிகள் மூன்று நாலு வருட நேரம் கொடுத்தன. தப்புச் செய்து பார்க்க இடம் கொடுத்தன. டவுன்ஷெண்ட் அங்கே குஸ்டாவ் மெட்ஸ்கர் என்ற ஓவியரின் பேச்சைக் கேட்டார். அழிப்பதும் கலையாகும் என்று சொன்னவர் மெட்ஸ்கர். 1964இல் ஹாரோவில் ஒரு மதுக்கடை மேடை, தாழ்ந்த கூரை. வாசிக்கும்போது கிட்டாரின் தலை கூரையில் இடித்து உடைந்தது. டவுன்ஷெண்ட் நிறுத்தவில்லை, மிச்சத்தையும் உடைத்தார். வகுப்பில் விழுந்த விதை மேடையில் முளைத்தது.

விலை விஷயத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானது. வுட்டின் படம் விற்பதில் பெயருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் வரைந்த ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகரை வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஜாகரைத்தான் வாங்குகிறார்கள் என்பது என் எண்ணம். ஆனால் விலையைத் தள்ளிவைத்துவிட்டுக் கோட்டைப் பாருங்கள். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் 1988 கிராஸ்ரோட்ஸ் இசைத் தொகுப்பின் அட்டைப்படம் வுட் வரைந்தது. வுட்டின் ஸ்லைடு வாசிப்பையும் ஒருமுறை கேளுங்கள். விரலில் மாட்டிய குழாய் தந்தியின் மேல் வழுக்கிப்போகும், நம் கமகம் மாதிரி ஒரு சுரம் இன்னொன்றில் போய்ச் சேரும். கையை எடுக்காமல் கோடு இழுக்கிறவன்தான் அப்படி வாசிக்க முடியும் என்று எனக்குப் படுகிறது.

1995இல் ஸ்டோன்ஸ் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்குக்கு வந்தபோது நாங்கள் நாலு பேர் டர்பனிலிருந்து இரவெல்லாம் வண்டி ஓட்டிப் போய்ப் பார்த்தோம். நிறவெறிக் காலத்தில் சன் சிட்டி உல்லாச விடுதியில் வாசிக்க மாட்டோம் என்று கலைஞர்கள் சேர்ந்து 1985இல் இசைத்தட்டு போட்டார்களே, அதில் யு2 குழுவின் பாடகர் போனோவின் ஒரு பாட்டுக்கு வுட்டும் ரிச்சர்ட்ஸும் கிட்டார் வாசித்திருந்தார்கள். அதனால் அன்றைக்கு எங்களுக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் போல இருந்தது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1963இல் டர்பனில் தொடங்கிய ஃபிளேம்ஸ் குழுவை உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள். அதிலிருந்து போன பிளாண்டி சாப்ளின் அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழுவில் பாடினார், பின்னாளில் ஸ்டோன்ஸ் மேடையில் வுட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

வுட் ஒத்திகையின்போது அன்றன்று வாசிக்கும் பாட்டுகளின் பட்டியலைத் தூரிகையால் வண்ணத்தில் எழுதுவார். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் என் அப்பா ஞாபகம் வரும். அப்பா பகலில் கிரே ஸ்ட்ரீட் கடைகளுக்கு போர்டு எழுதினார். சனி, ஞாயிறு கல்யாணக் கச்சேரியில் மாண்டலின். குழுவில் டிரம்ஸ் வாசித்த பையனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் அப்பா பாட்டுக்கு ஒரு படம் போட்டுவிடுவார். சட்டைப் பெட்டி அட்டை, கறுப்பு எனாமல், மெல்லிய தூரிகை. மேலிருந்து கீழாக நிலா, ரயில், மயில், விளக்கு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சுருதி. மயிலின் கழுத்தில் ஒரு புள்ளி இருந்தால் அந்த இடத்தில் மாண்டலின் தனியாக வரும், டிரம்ஸ் அடங்க வேண்டும். அந்தப் புள்ளியை வைக்கும்போது அப்பா மூச்சைப் பிடித்துக்கொள்வார். மாண்டலினில் முதல் சுரத்தை எடுக்கும்போதும் அதே மாதிரிதான்.

அப்பா காலத்தில் நம் ஆட்களுக்குக் கலைப்பள்ளிக் கதவு மூடியிருந்தது. அந்த அட்டைகளை அம்மா சமையலறை அலமாரியில் விரித்தார். அம்மாவைக் குறை சொல்லவில்லை. அது படம் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

ஒன்றை விட்டவரும் உண்டு. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் சிட் பாரெட் லண்டன் கேம்பர்வெல்லில் ஓவியம் படித்தவர். 1968இல் குழுவிலிருந்து விலகினார், பிறகு சொந்த ஊரான கேம்பிரிட்ஜுக்கே திரும்பிப் போய் 2006இல் இறக்கும்வரை வரைந்தார். வரைந்ததைப் பல நேரம் போட்டோ எடுத்துவிட்டு அழித்துவிடுவார். எனக்கு அவர்மேல் மரியாதை அதிகம். ஆனால் கிட்டாரை விடுவதென்றால் அது உங்கள் மகனாக எடுக்கிற முடிவாக இருக்கட்டும்.

அவன் தினமும் உட்காருகிறானா என்று மட்டும் பாருங்கள். இடது கை விரல் நுனி காய்த்திருக்கிறதா, வலது கையில் கரி ஒட்டியிருக்கிறதா? இருந்தால் அவன் அப்பாவைச் சமாதானப்படுத்துவது என் பொறுப்பு. காவடி முடிந்த வாரம் சாட்ஸ்வொர்த் வருகிறேன். பையன் வரைந்த நோட்டுகளை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அப்பாவின் அட்டை ஒன்று மிச்சம் இருக்கிறது, எண்ணெய்க் கறையோடு. கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்