பிஎம்ஐ 33, சர்க்கரையும் இருக்கிறது. எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

உயரம் 160 செ.மீ., எடை 85 கிலோ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 33, மூன்று வருடமாகச் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்கள். "நான் அவ்வளவு குண்டு இல்லையே, எனக்கும் ஆபரேஷனா?" என்பது உங்கள் சந்தேகம்.

1991இல் அமெரிக்காவில் வகுத்த கணக்குப்படி பிஎம்ஐ 40 இருக்க வேண்டும். சர்க்கரை மாதிரி நோய் இருந்தால் 35. 2022இல் அதைத் தளர்த்திவிட்டார்கள். சர்க்கரை இருந்தால் 30 போதும், நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே யோசிக்கலாம். கை கால் ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் முன்னால் நிற்கிற உடம்பு நமக்கு. குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடும்.

சர்க்கரை இல்லாமல் வெறும் எடைக்காகக் கேட்டிருந்தால் அவசரப்படாதீர்கள் என்றிருப்பேன். உங்கள் விஷயம் வேறு. சர்க்கரை வந்து அதிக காலம் ஆகாமல், இன்சுலினும் தொடங்காமல் இருக்கும்போது செய்தால்தான் அது மாத்திரையில்லாமல் அடங்க வாய்ப்பு அதிகம். இன்சுலின் சுரக்கும் கணையம் ஓய்ந்த பிறகு செய்தால் எடை இறங்கும், சர்க்கரை அந்த அளவுக்கு இறங்காது.

பாளையங்கோட்டையில் இருக்கும் என் மதினி ஸ்லீவ் என்ற வகை எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விடுவார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டிய பகுதியில்தான் சுரக்கிறது என்பதால் பசியும் குறைந்துவிடும். முதலில் மோர், பருப்புத் தண்ணி, அப்புறம் மசித்த சாப்பாடு. அதையெல்லாம் மதினி எளிதாகக் கடந்துவிட்டார். சில மாதத்தில் முடி கொட்டியபோதுதான் அழுதார். முட்டை, மீன், பயறு என்று புரதத்தைக் கூட்டிய பிறகு மெல்ல நின்றது.

பெரிய பாடு கல்யாண வீடுகளில். மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டில் நாலு வாய்க்குமேல் இறங்காது. "என்னக்கா, சொதி பிடிக்கலையா?" என்று ஆள் மாற்றி ஆள் வருவார்கள். மிச்சத்தை அண்ணன் தன் இலைக்கு மாற்றிக்கொள்வார். இப்போது தொப்பை அவருக்குத்தான்!

இன்னொரு வகையான பைபாஸ் (இதயத்துக்குச் செய்வது அல்ல, இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைப்பது) செய்தவர்கள் அல்வாவிடம் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இனிப்பு சட்டென்று சிறுகுடலுக்குள் இறங்கி வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் வரும். ஆனால் உங்களுக்கு ஏற்கெனவே நெஞ்செரிச்சல் இருந்தால் ஸ்லீவ் அதைக் கூட்டலாம், மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பணத்தையும் பாருங்கள். மருத்துவக் காப்பீட்டில் பொதுவான விதி இன்னும் பழைய 40, 35 கணக்குதான். 33க்குக் கைக்காசு போட வேண்டிவரும். சர்க்கரையையும் எடையையும் குறைக்கிற, 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்த மவுன்ஜாரோ ஊசியும் இருக்கிறது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும். என்றாலும் உங்கள் எடைக்கு நானாக இருந்தால் முதலில் அதைத்தான் டாக்டரிடம் கேட்பேன்.

ஆபரேஷன் என்றே முடிவானால் பி12, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் ஆயுளுக்கும் உண்டு. சென்னையில் செய்துகொண்டாலும், ரத்தப் பரிசோதனையைத் தொடர்ந்து பார்க்க நெல்லையிலேயே ஒரு டாக்டரை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.