பழைய ஆம்ப்ளிஃபயர்ல வால்யூமுக்கு மட்டும் ரிமோட் வைக்க முடியுமா?

தாராளமா வைக்கலாம், ஆம்ப் மாத்த வேண்டியதே இல்ல. பழைய வால்யூம் கண்ட்ரோலை கழட்டிட்டு அதே இடத்துல மோட்டார் வச்ச கண்ட்ரோல் மாட்டுறதுதான் என் ஓட்டு, ஆல்ப்ஸ் கம்பெனியோடது பேர்போனது, பாட்டு போற வழியில புதுசா எந்த ஐசி சிப்பும் வராது, ரிமோட்டை அமுக்கினா குமிழ் தானா திரும்பும், உள்ள கிளட்ச் இருக்கறதால கையாலயும் திருப்பிக்கலாம், அது தானா சுத்துறத பாக்கறதே தனி சுகம்.

வாங்குறதுக்கு முன்னாடி பழசோட முதுகுல எழுதிருக்கற வேல்யூவ பாருங்க, பெரும்பாலும் 50 கே (கிலோ ஓம்) இல்லனா 100 கே. அதே வேல்யூ, ஸ்டீரியோன்னா ரெண்டு கேங் (ஒரே தண்டுல ரெண்டு கண்ட்ரோல்), லாக் டைப் (லாகரித்மிக், காதுக்கு சத்தம் சீரா ஏறுற வகை) வாங்குங்க. லீனியர் (திருப்புற அளவுக்கு நேரா மாறுற வகை) போட்டீங்கன்னா லேசா திருப்புனதுமே சத்தம் எகிறிடும், அதுக்கப்புறம் திருப்பினாலும் பெருசா ஏறாது.

ரிமோட் சிக்னல் பிடிக்க 38 கிலோஹெர்ட்ஸ் ஐஆர் சென்சார், அத புரிஞ்சுக்க ஒரு சின்ன அர்டுயினோ (புரோகிராம் பண்ற போர்டு), மோட்டாரை ரெண்டு பக்கமும் ஓட்ட ஹெச் பிரிட்ஜ்னு ஒரு டிரைவர் சர்க்யூட், அவ்ளோதான். சப்ளைய ஆம்ப்ல இருந்து உருவாம தனியா 5 வோல்ட் போன் சார்ஜர்ல குடுங்க. மோட்டார் ரெண்டு காலுக்கும் குறுக்க 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு போட்டா சுத்தும்போது வர்ற கரகரப்பு குறையும். மோட்டார் பின்னாடி நீட்டிக்கிட்டு நிக்கும், இடம் இருக்கானு முதல்ல அளந்துக்கங்க. இடம் இல்லனா பிடி2258 மாதிரி வால்யூம் ஐசி கிட்தான் வழி.

பிளக்கை உருவினாலும் பெரிய கெப்பாசிட்டர்ல சார்ஜ் இருக்கும், அது இறங்காம உள்ள கை விடாதீங்க.