விட்டுப்போன இரண்டாம் பகுதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பியத் தொலைக்காட்சிகள் சேர்ந்து நடத்தும் யூரோவிஷன் இளம் இசைக்கலைஞர்கள் போட்டியின் பழைய இறுதிச்சுற்றுகளைப் பார்த்துவருகிறேன். பியானோவையும் புல்லாங்குழலையும் ஒரே தராசில் எப்படி நிறுக்கிறார்கள்? கடைசியில் பரிசு பியானோவுக்கோ வயலினுக்கோதானே போகிறது? இசையைப் பந்தயமாக்குவதே தவறு என்று படுகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

பரிசுக் கணக்கில் நீங்கள் சொல்வது பாதி சரி. 1982இல் மான்செஸ்டரில் தொடங்கி 2004 வரை நடந்த 12 போட்டிகளில், பியானோவும் வயலினும் அல்லாத வாத்தியத்தோடு வென்றவர் ஒருவர்தான்: 1994இல் வார்சாவில் செல்லோ (வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியம்) வாசித்த நட்டாலி கிளைன். பிறகு காற்று மாறியது. 2006 முதல் 2018 வரை ஏழு போட்டிகள். செல்லோ, கிளாரினெட், புல்லாங்குழல், வியோலா, வயலின், சாக்ஸபோன், பியானோ என்று ஒவ்வொரு முறையும் வேறு வாத்தியம். (வியோலா என்பது வயலினைவிடச் சற்றுப் பெரியது. இசைக்குழுக்களில் வியோலாக்காரர்களைப் பற்றிப் புழங்கும் கேலிகளுக்கு 2012இல் நார்வேயின் ஐவிண்ட் ரிங்ஸ்டாட் வென்று நல்ல பதில் கொடுத்தார்.) 2022இலும் 2024இலும் மறுபடி வயலின்தான்.

வாத்தியம் வேறானாலும் நடுவர் காது தேடுவது ஒன்றைத்தான்: ஒரு இசைத்தொடர் எங்கே மூச்சு வாங்குகிறது, வாசிப்பவர் தனக்குப் பின்னாலிருக்கும் இசைக்குழுவைக் கேட்கிறாரா என்பதை.

பந்தயம் என்பதிலும் எனக்குப் பெரிய வருத்தமில்லை. 1988இல் ஆம்ஸ்டர்டாமில் வென்றபோது ஜூலியன் ராக்லினுக்கு 13 வயது. அந்த வயதில் முழு இசைக்குழுவோடு, இத்தனை நாடுகள் பார்க்க வாசிக்கும் வாய்ப்பு வேறு எப்படிக் கிடைக்கும்?

என் குறை தொலைக்காட்சியின் கடிகாரத்தின் மேல். எல்லோரும் ஒரே மாலையில் வாசித்து முடிக்க வேண்டும். அதனால் கான்செர்ட்டோவை, அதாவது ஒரு தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் பல பகுதிகள் கொண்ட படைப்பை, துண்டு போடுகிறார்கள். 2018இல் எடின்பரோவில் வென்ற 16 வயது இவான் பெசோனோவ் வாசித்தது ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோவில் மூன்றாம் பகுதியை மட்டும். அபாரமாகத்தான் வாசித்தார். ஆனால் இரண்டாம் பகுதியின் தொடக்கத்தில் புல்லாங்குழல் தனியாக ஒரு மெட்டைச் சொல்ல, பியானோ அதை வாங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. விரல் வேகம் அங்கே உதவாது. அந்த இடத்தை அந்தப் பையன் எப்படி எடுத்திருப்பான் என்று நடுவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. துண்டு போடும்போது பெரும்பாலும் காணாமல் போவது இந்த மெதுவான பகுதிகள்தான். இறுதிச்சுற்றுக்கு வருபவர்களைக் குறைத்து, வந்தவர்களை முழுப் படைப்பையும் வாசிக்கவிட்டால் போதும். ஒளிபரப்பு நீளும்தான், நீளட்டும்.