நாயை அடைத்தோ கட்டியோதான் வைக்க வேண்டும் என்ற சட்டங்கள், மந்தைக்குக் காவல் நாய் வைத்திருக்கும் விவசாயிகளை எப்படிப் பாதிக்கின்றன?

நாங்கள் அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் வெள்ளாடு வளர்க்கிறோம். கிரேட் பிரனீஸ் என்ற பெரிய வெள்ளைக் காவல் இனத்தைச் சேர்ந்த இரண்டு நாய்கள் ராப்பகலாக மந்தையோடேதான் இருக்கின்றன. இங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், சில இடங்களில் ஊருக்கு ஊர் மாறும். அதனால் எங்கள் மாநிலச் சட்டத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

இங்குள்ள நாய்ச் சட்டம் 1982-இல் வந்தது. நாய் வைத்திருப்பவருக்கு அது மூன்று வழி தருகிறது. நாய் உரிமையாளரின் இடத்துக்குள் அடைபட்டிருக்க வேண்டும். அல்லது வெளியே போக முடியாதபடி சங்கிலியில் இருக்க வேண்டும். அல்லது யாராவது ஒருவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வேட்டைக்கும் கண்காட்சிக்கும் களப் பயிற்சிக்கும் போகும் நாய்களுக்குப் பெயர் சொல்லியே இடம் கொடுத்திருக்கிறார்கள். மந்தைக் காவல் பற்றி அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது. என் ஆதங்கம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை முயல் விரட்டப் போகும் நாயைச் சட்டம் வேலை செய்யும் நாயாகப் பார்க்கிறது, விடிய விடியக் குட்டிகளைக் காக்கும் நாயைப் பார்ப்பதில்லை.

மூன்று வழிகளையும் காவல் நாய்க்குப் பொருத்திப் பாருங்கள். சங்கிலி உதவாது. கட்டிக்கிடக்கும் நாய் எவ்வளவு தூரம் வரும் என்று கயோட்டிக்கு, அதாவது ஆடு தூக்கும் சின்ன ஓநாய் போன்ற விலங்குக்கு, சீக்கிரமே தெரிந்துவிடும். போதாததற்கு, 2017-இல் வந்த வதைத் தடுப்புச் சட்டம் ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்குள்தான் கட்டலாம் என்கிறது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போனாலோ 90 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலே போனாலோ அரை மணி நேரத்துக்கு மேல் கட்டக்கூடாது. அது நல்ல சட்டம், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஜனவரி ராத்திரியில் சங்கிலி என்ற வழி அதோடு அடைபட்டுவிடுகிறது. மூன்றாவது வழிக்கு, ராத்திரி இரண்டு மணிக்கு மேய்ச்சல் நிலத்தில் நாயோடு ஒரு ஆள் நிற்க வேண்டும். ஆள் நிற்க முடியாது என்பதால்தானே நாயே வைக்கிறோம்?

ஆக மிஞ்சுவது வேலி மட்டும். சட்டத்தின் முழுப் பாரமும் விவசாயியின் வேலியில்தான் வந்து இறங்குகிறது. ஆட்டை நிறுத்துகிற வேலி வேறு, பிரனீஸை நிறுத்துகிற வேலி வேறு. ஆடு நின்றுவிடும் இடத்தில் இந்த நாய் மண்ணைப் பறித்துக்கொண்டு அடியில் நுழையும். நாங்கள் நாலடிக் கம்பி வலைக்கு உள்பக்கம், நாயின் மூக்கு உயரத்தில் ஒரு மின்கம்பி ஓட்டியிருக்கிறோம். கேட்டுக்கு அடியில் இருக்கும் சந்துதான் எப்போதும் தொல்லை. மழை பெய்து மண் அரித்தால் அங்கே ஒரு கை அகலம் திறந்துவிடும். முதலில் அதைக் கண்டுபிடிப்பது நாய்தான். சொந்த நிலத்தில் இதையெல்லாம் செய்யலாம். குத்தகை நிலத்தில் மாற்றி மாற்றி மேய்ப்பவர் என்ன செய்வார்?

இந்த நாய்கள் ஏன் இப்படி அலைகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பெரிய நாய் பொழுது சாய்ந்ததும் வேலியோரமாக ஒரு சுற்று போகும். மூலைக் கம்பம் ஒவ்வொன்றையும் மோந்து பார்த்து, காலைத் தூக்கி அடையாளம் வைத்துவிட்டு, மேட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கயோட்டியோடு சண்டை போடுவது அபூர்வம். 'இது என் இடம்' என்று வாசனையாலும் குரைப்பாலும் தெரிவிப்பதுதான் பெரும்பாலான காவல். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்துப் பண்ணைகளில், திறந்துவிடப்பட்ட மரேம்மா என்ற இன்னொரு காவல் இன நாய்களின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டி ஆராய்ந்து 2014-இல் கட்டுரை வெளியிட்டார்கள். சராசரியாக 90 சதவீத நேரம் அவை ஆடுகள் மேயும் அடைப்பிலேயே இருந்தன. வெளியே போனது பெரும்பாலும் இரவில். போனபோது வேகமாக, கிட்டத்தட்ட நேர்கோட்டில் போயின. நாய் வளர்ப்பவருக்கு அந்த 90 பெருமை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் சாலையில் கார் ஓட்டுபவருக்கும் மீதி 10-தான் கவலை, அது நியாயமான கவலையும்கூட. வெளியேறிய நாய்க்கே ஆபத்து அதிகம். பிறர் வளர்க்கும் கால்நடையைத் துரத்தும் நாயைப் பார்த்தால் சுட்டுக் கொல்ல இங்கே சட்டம் இடம் தருகிறது. பழகாத மாட்டுக் கூட்டத்துக்குள் புகுந்த வெள்ளை நாய் காவல் நாயா தெருநாயா என்று யாரும் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

குரைப்பு இன்னொரு தலைவலி. பக்கத்தில் புதிதாக வீடு கட்டி வருபவர்களுக்கு நடுராத்திரிக் குரைப்பு பழக்கமில்லை. உள்ளூர் இரைச்சல் விதியைக் காட்டிப் புகார் போகும். விவசாயத்தைத் தொல்லை வழக்குகளிலிருந்து காக்க 1982-இலேயே இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் நடந்துவரும் வழக்கமான விவசாய வேலைக்கு அது பாதுகாப்பு தரும். மந்தை நாய் குரைப்பதும் விவசாய வேலைதான் என்று எடுத்துச் சொல்வது நம் பொறுப்பு.

நாய்ச் சட்டத்தை இதைவிடத் தெளிவாக எழுத முடியும். பிரான்ஸின் கிராமப்புறச் சட்டத் தொகுப்பில், எஜமானரின் கண்காணிப்பில் இல்லாத நாயோ, அவரிடமிருந்து 100 மீட்டருக்கு அப்பால் இருக்கும் நாயோ திரியும் நாய் எனக் கணக்கு. ஆனால் அதே வாக்கியத்தில் வேட்டையில் இருக்கும் நாய்க்கும், மந்தையை மேய்க்கிற, காக்கிற நாய்க்கும் விலக்கு இருக்கிறது. ஓநாய் திரும்பி வந்த ஜெர்மனியில், மின்சாரம் பாயும் பொருள் எட்டும் இடத்தில் நாயை அடைக்கக்கூடாது என்ற விதி, மின்வலைக்குள் ஆடு மேய்ப்பவர்களுக்கு இடித்தது. 2021-இல் திருத்தம் செய்து காவல் நாய்களுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் இந்த நாய்கள் பெருகியதற்கே அரசு முடிவு ஒரு காரணம். 1972-இல் அதிபர் நிக்சன், கூட்டாட்சி அரசின் நிலங்களில் கயோட்டிக்கு விஷம் வைப்பதைத் தடுத்தார். அதற்குப் பிறகுதான் ஐரோப்பாவிலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்த காவல் நாய்களை இங்கே முறையாக ஆராய ஆரம்பித்தார்கள். விஷமும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம் என்று சமூகம் கேட்டால், நாய்க்கு நாலு வார்த்தை சட்டத்தில் எழுதித்தர வேண்டும். பதிலுக்கு உரிமம், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, மைக்ரோசிப், வேலியில் அறிவிப்புப் பலகை என்று எதைக் கேட்டாலும் செய்ய நாங்கள் தயார்.

நீங்கள் நாய் வாங்க யோசித்துக் கேட்டிருந்தால், குட்டி பார்க்கப் போவதற்கு முன்பே ஊர் அலுவலகத்தில் நாய் விதி, இரைச்சல் விதி இரண்டையும் எழுத்தில் வாங்கிப் படியுங்கள். அப்புறம் வேலியை முடியுங்கள், நாய் கடைசி. ஐந்தாறு ஏக்கர்தான், சுற்றிலும் வீடுகள் என்றால் பிரனீஸ் வேண்டாம். நாயை நினைத்துத்தான் சொல்கிறேன். கயோட்டி மட்டும்தான் பயம் என்றால் ஒரு பெண் கழுதையோ, ஒட்டகக் குடும்பத்து விலங்கான லாமாவோ போதும். கரடி வரும் இடத்தில் அவை நிற்காது. ஆனால் நாய்ச் சட்டம் அவற்றுக்குக் கிடையாது, ஆட்டு வேலியே அவற்றுக்கும் போதும்.