தெரியாததற்கும் ஒரு கட்டம் வேண்டும்

அன்புள்ள ஐயா,

அனுப்பானடியில் இருக்கிறேன். சென்னை கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறேன். அப்பா பல வருடங்களாகத் தீப்பெட்டி லேபிள்களும் பழைய காசுகளும் சேர்க்கிறார். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி லேபிள்கள் மட்டுமே ஆல்பம் ஆல்பமாக இருக்கின்றன. அவருக்காக ஒரு ஆப் செய்தேன். வருடம், தயாரித்த ஊர், நிலை, இன்றைய மதிப்பு எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. வருடமும் ஊரும் கட்டாயம். கொஞ்ச நாள் தட்டிப் பார்த்துவிட்டுப் பழைய நோட்டுக்கே போய்விட்டார். வயதானவர்களுக்கு ஆப் ஒத்துவராதா? தகவலை ஆன்லைனில் வைப்பதா, போனிலேயே வைப்பதா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

க., மதுரை

அன்புள்ள க.,

வயதின் மேல் பழியைப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை திலகர் திடல் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், காசைப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கும் பெரியவர்கள் தென்படுவார்கள். சிக்கல் அந்தக் 'கட்டாயம்' என்பதில் இருக்கிறது.

பெரும்பாலான தீப்பெட்டி லேபிள்களில் வருடம் இருக்காது. விலை இருக்கும். சாதாரணப் பெட்டி 50 பைசாவிலிருந்து ஒரு ரூபாய் ஆனது 2007இல். இரண்டு ரூபாய் ஆனது 2021 டிசம்பரில். ஆக, ஒரு ரூபாய் லேபிள் என்றால் இடைப்பட்ட காலத்தது என்று அப்பா சொல்லிவிடுவார். நோட்டில் அதை அப்படியே எழுதலாம். உங்கள் ஆப்போ ஒரே ஒரு எண்ணைக் கேட்கிறது. மனசாட்சி உள்ள சேகரிப்பாளர் அங்கேயே நின்றுவிடுவார், மற்றவர்கள் ஏதோ ஒரு வருடத்தைப் போட்டுத் தள்ளுவார்கள். 'முதல்', 'வரை' என்று இரண்டு கட்டங்கள் வையுங்கள். பக்கத்தில் 'எப்படித் தெரியும்' என்று எழுத இடம் விடுங்கள். எதுவும் கட்டாயம் வேண்டாம்.

காசில் இது இன்னும் நுணுக்கம். இன்றைய நாணயங்களில் வருடத்துக்கு அடியில் அடித்த இடத்தின் குறி இருக்கும். மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. இப்போது குறிக்கான கட்டம் காலியாக இருந்தால் என்ன அர்த்தம்? கொல்கத்தாக் காசா, அப்பா இன்னும் லென்ஸ் வைத்துப் பார்க்காத காசா? பின்னால் 'கொல்கத்தா' என்று தேடினால் இரண்டும் கலந்து வந்து நிற்கும், அப்புறம் பிரிக்கவே முடியாது. 'இல்லை', 'பார்க்கவில்லை', 'தேய்ந்துவிட்டது' மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வழி வேண்டும். மூன்றாவது இல்லாமல் பழைய செப்புக்காசுகளை ஏற்றவே முடியாது.

அடுத்தது, வகையையும் உருப்படியையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள். 1957இன் ஒரு நயா பைசா என்பது வகை. வெண்கலம், தசம முறை வந்த வருடத்தில் வெளியானது என்பதையெல்லாம் ஒரு முறை எழுதினால் போதும். அப்பாவிடம் அதில் மூன்று இருந்தால் மூன்றும் வேறு வேறு உருப்படிகள். ஒன்று தாத்தா கொடுத்ததாக இருக்கும், ஒன்று லேபிளுக்குப் பதிலாக வாங்கியதாக இருக்கும். டூப்ளிகேட்டில் எதை மாற்றிக்கொள்ளலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்பது இந்த இரண்டாவது அட்டவணையில்தான் தெரியும். நோட்டில் போட்ட பழைய வரிசை எண், ஆல்பத்தின் பக்கம் இரண்டுக்கும் அதிலேயே இடம் கொடுங்கள். சந்தையிலிருந்து வந்த களைப்பில் படத்தை மட்டும் எடுத்துச் சேமிக்கவும் விட வேண்டும்.

'இன்றைய மதிப்பு' கட்டத்தை நான் எடுத்தே விடுவேன். அது இருந்தால் ஆல்பம் பாஸ்புக் ஆகிவிடும். வாங்கிய விலை போதும்.

கடைசிக் கேள்விக்குச் சுருக்கமாக: போனிலேயே, எஸ்க்யூலைட் (SQLite) என்ற தரவுத்தளத்தில் வையுங்கள். முழுத் தொகுப்பும் ஒரே கோப்பில் அடங்கும். 2050 வரை ஆதரிப்பதே நோக்கம் என்று அதை உருவாக்குபவர்கள் அறிவித்திருக்கிறார்கள். காசுகளுக்கான ஓப்பன்நியூமிஸ்மேட் என்ற இலவச மென்பொருளும் அதைத்தான் பயன்படுத்துகிறது, ஒரு தடவை திறந்து பாருங்கள். போன் தொலையக்கூடும் என்பதால் மாதம் ஒரு பிரதி வேறெங்காவது போகட்டும். சிஎஸ்வியாக, அதாவது எக்செல்லில் திறக்கக்கூடிய எளிய உரைக் கோப்பாக, வெளியே எடுக்கும் வசதியும் சேருங்கள். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் எழுதும்போது, அதை அடையாளம் காட்டும் பாம் (BOM) குறியைக் கோப்பின் தொடக்கத்தில் சேர்க்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எக்செல்லில் தமிழ் முழுக்கக் கிறுக்கலாகத் தெரியும்.