மூலையில் இருக்கும் எழுத்து போதுமா?

கேள்வி: தாத்தாவின் மரப்பெட்டியில் சட்டமிட்ட பழைய சித்திரம் ஒன்று கிடைத்தது. ஆற்றங்கரை, பாய்மரப் படகு, தொலைவில் தேவாலயக் கோபுரம் தெரிகின்றன. மூலையில் ‘வி’, ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்துகளும் 1653 என்ற ஆண்டும் உள்ளன. கையெழுத்தே இருப்பதால் இது டச்சு ஓவியர் யான் வான் கோயன் வரைந்ததுதான் என்கிறார் பழம்பொருள் வியாபாரி ஒருவர். நம்பலாமா?
– வாசகர், பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அந்த எழுத்தைக் கடைசியாகப் பாருங்கள். வான் கோயன் (1596–1656) தம் சித்திரங்கள் பலவற்றில் அப்படித்தான் எழுத்தும் ஆண்டும் இட்டார் என்பதும், 1650களின் தொடக்கத்தில் கறுப்புச் சாக்குக்கட்டியால் கோடிழுத்து அதன்மேல் நீர்த்த சாம்பல் நிறம் பூசி ஏராளமாக வரைந்தார் என்பதும் உண்மையே. பின்னால் வந்தவர்களுக்கும் இவை தெரியும் என்பதுதான் சிக்கல். இரண்டு எழுத்தைச் சேர்ப்பது அரை நிமிட வேலை.

தாளைச் சட்டத்திலிருந்து பக்குவமாக எடுக்கச் செய்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அக்காலத் தாளில், தாள் வார்க்கும் சட்டத்தின் கம்பிகள் பதிந்த நெருக்கமான கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் இடைவெளி மிகுந்த கோடுகளும் தெரியும். கோடே இல்லாத வழவழப்பான தாள் 18ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் வந்தது. உங்களுடையது அப்படியானால் விவாதம் அங்கேயே முடிந்தது. கோடுகள் இருந்தாலும் அது தாளின் வயதைத்தான் ஓரளவு சொல்லும், வரைந்த கையைச் சொல்லாது.

அடுத்து உருப்பெருக்கிக் கண்ணாடி. சாக்குக்கட்டிக் கோடு தாளின் மேடுகளில் ஒட்டிப் பள்ளங்களை விட்டுவிடும். அச்சு மை அப்படி விடாது. இதை நான் வலியுறுத்தக் காரணம், ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த கார்னெலிஸ் புளூஸ் வான் ஆம்ஸ்டல் (1726–1798) பழைய ஓவியர்களின் சித்திரங்களை, கையால் வரைந்தவை என்றே மயங்கும்படி அச்சிட்டு வெளியிட்டிருக்கிறார்.

இத்தனையும் தாண்டிய பிறகே கையைப் பற்றிப் பேச முடியும். உங்கள் மாவட்டத்துச் சந்தூர் நாற்றுப் பண்ணைகளில், காய்க்காத மாங்கன்றின் இலையைப் பார்த்தே பெங்களூராவா செந்தூராவா என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா? இங்கும் இலைதான் சாட்சி. கோபுரத்தையும் படகையும் நகலெடுப்பவர் கவனமாகப் பார்த்துப் போடுவார். மரத்தின் தழையை ஓவியரின் கை யோசிக்காமல் போடும். வான் கோயனின் தழை, தாளிலிருந்து கோலை எடுக்காமல் விரைந்து சுழிக்கும் வளையங்களாக, அழுத்தம் கூடியும் குறைந்தும் ஓடும். நகலில் அதே வளையம் ஒரே அழுத்தத்தில், நடுவே தயங்கி நிற்கும். அவருக்கு நெருங்கிய பாணியில் அதே காலத்தில் ஹார்லெமில் வரைந்த பீட்டர் மோலைன் (1595–1661) போன்றவர்களும் இருந்ததால், பழையது என்றாலே வான் கோயன் என்றும் ஆகிவிடாது.

ஹான்ஸ் உல்ரிச் பெக் 1972இல் வெளியிட்ட வான் கோயன் சித்திரப் பட்டியலில் இதே காட்சி கொண்ட சித்திரம் வேறொருவரிடமோ வேறோரிடத்திலோ இருப்பதாகக் கண்டால், உங்களுடையது நகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தாளின் பின்புறத்தில் சிறு முத்திரை இருந்தால், சேகரிப்பாளர்களின் முத்திரைகளை ஃபிரிட்ஸ் லுக்ட் 1921இல் தொகுத்த நூலைக் கொண்டு முன்னாள் உரிமையாளரைத் தேடலாம். முன்புறம், பின்புறம், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தது என மூன்று படங்களை அளவுகோலுடன் எடுத்து, ஹேக் நகரிலுள்ள நெதர்லாந்து கலை வரலாற்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை விலை பேச வேண்டாம். கறையைத் துடைக்கவும் வேண்டாம், சட்டத்தின் பின் அட்டையை எறியவும் வேண்டாம்.