மணலுக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று

கேள்வி: என் நான்கு வயது மகனுக்கு வாளி, மண்வாரி செட் இரண்டு முறை வாங்கிவிட்டேன். பின்கட்டுச் செம்மண்ணைத் தோண்டியதும் இரண்டுமே உடைந்துபோயின. இரும்பில் வாங்கித் தரலாமா? விதை போடவும் ஆசைப்படுகிறான்.
- வாசகி, குடியாத்தம்

பதில்: உடைந்ததை எடுத்துப் பாருங்கள்; கைப்பிடி சேருகிற கழுத்தில்தான் முறிந்திருக்கும். அது உதிரி மணலை அள்ளச் செய்த பொருள். வெயிலில் இறுகிய செம்மண்ணில் குத்தி நெம்பினால் பாரம் முழுவதும் கழுத்தில் இறங்கும். வெயிலிலேயே கிடந்த பிளாஸ்டிக் என்றால் ஒரே நெம்பில் போய்விடும்.

இரும்பு தரலாம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். நாலு விரல் நீளத் தகடு உள்ள சின்னக் களைக்கொத்து போதும். முனையையும் விளிம்பையும் அரத்தால் ராவி மழுக்கிவிடுங்கள். மரப்பிடியை அவன் பிடித்துப் பார்க்கட்டும்: கட்டைவிரல் மற்ற விரல்கள்மேல் வந்து படிந்தால் சரியான பருமன். படியாவிட்டால் கை வழுக்கும். பிடி ஆடினால் ஆப்பு அடித்து இறுக்கிய பிறகே கொடுங்கள். பல் வைத்த வாரி இந்த வயதுக்கு வேண்டாம்.

கருவியைவிட முக்கியம் மண்ணின் பதம். மூன்றடிக்கு இரண்டடி இடத்தில் முதல்நாள் மாலை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். காலையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். கையில் ஒட்டினால் இன்னும் ஒருநாள் காயட்டும். முதல் கொத்தை நீங்களே ஒரு சாண் ஆழம் மண்வெட்டியால் போடுங்கள். கண்ணாடிச் சில்லு, ஆணி, தேள் எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பிறகு ஒரு கூடை மக்கிய எருவைக் கொட்டி, கலக்கும் வேலையை அவனிடம் விடுங்கள்.

விதைக்குக் காராமணிதான் என் முதல் தேர்வு. பிஞ்சு விரலால் எடுக்க முடியும், நாலைந்து நாளில் முளை தெரியும். விரலின் முதல் கணு ஆழம் குழி, குழிக்கு இரண்டு விதை. கீரை விதை பொடி. ஒரே இடத்தில் கொட்டிவிடுவான். போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு கரண்டி விதைக்குப் பத்துக் கரண்டி மணல் கலந்து கொடுங்கள். இலவம்பாடி முள்ளுக்கத்தரி நம் மாவட்டத்துப் பெருமைதான், ஆனால் முள் குத்தும். அவன் பாத்தியில் வேண்டாம்.

பிளாஸ்டிக் செட்டுக்குத் தனியாக ஓர் அகலத் தொட்டியில் அரையடி மணல் போடுங்கள். எம்-சாண்ட் வேண்டாம்: உடைத்த கல், கூர் இருக்கும், தூசும் பறக்கும். சலித்துக் கழுவிய ஆற்றுமணல் நல்லது. எட்டுப் பங்கு மணலுக்கு ஒரு பங்கு தண்ணீர் தெளித்தால் வாளியைக் கவிழ்த்ததும் வடிவம் நிற்கும். இரவில் மூடி வையுங்கள், பூனை அசிங்கம் செய்யும்.

காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் விளையாடட்டும். களைக்கொத்தை வெயிலில் விட்டுவிடாதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த இரும்பைத் தொட்டால் கை சுட்டுவிடும்.